வலிமை பிள்ளைக்குள் மட்டும் இல்லை: அகதிக் குடும்பங்களின் மீள்திறன், ஓர் எளிய அறிமுகம்

அகதியாக வந்து ஒரு புது நாட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்த்துப் பலரும் சொல்வதுண்டு: "எவ்வளவு கஷ்டத்தைத் தாண்டி வந்திருக்கு, ஆனாலும் என்ன மன உறுதி பாருங்க!" நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பாராட்டுக்குள் ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. மன உறுதி என்பது சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வாய்த்த ஒன்று, வாய்க்காதவர்கள் உடைந்துபோவார்கள் என்று ஆகிவிடுகிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து, "இவனும் அதே முகாமிலிருந்துதானே வந்தான், இவனால் மட்டும் ஏன் முடியவில்லை?" என்று கேட்க வைப்பதும் இதே கணக்குதான்.

கஷ்டத்தில் விழுந்தும் தேறி எழுந்து வாழ்க்கையை நடத்திக்கொண்டு போகும் திறனுக்கு ஆங்கிலத்தில் ரெசிலியன்ஸ் என்று பெயர். தமிழில் மீள்திறன் என்கிறோம். இதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுகள் நடந்து வருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரியவரும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளையின் மீள்திறனில் பெரும்பங்கு பிள்ளையைச் சுற்றியுள்ளவர்களிடம் இருக்கிறது. முதலில் வீட்டில், அப்புறம் பள்ளியில், தெருவில், கோயிலில், ஆஸ்பத்திரியில்.

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரு மக்கள் கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு, நேபாளத்து முகாம்களில் இருபது ஆண்டுகள்வரை இருந்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்த நேபாளி மொழிக்காரர்கள்.

ஒரு ரசீதும் ஏழு முகாம்களும்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஈழத்து வாசகர்களுக்கு 'மீள்குடியேற்றம்' என்றால் போரில் ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பத் தங்கள் சொந்தக் காணிக்குப் போவது. நான் பேசுவது வேறு. ஒருவர் நாட்டைவிட்டுத் தப்பிப் பக்கத்து நாட்டில் அடைக்கலம் புகுகிறார். அங்கே குடியுரிமை கிடைக்காது, திரும்பிப் போகவும் வழியில்லை. அப்போது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பரிந்துரையில் மூன்றாவது நாடு ஒன்று அவரை அழைத்துத் தன்னிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது. இதைக் குடியமர்த்தல் என்று சொல்லலாம். உலகத்து அகதிகளில் ஓர் ஆண்டில் இந்த வாய்ப்பு கிடைப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

தெற்குப் பூட்டானில் ஆரஞ்சும் ஏலக்காயும் பயிரிட்டுத் தலைமுறைகளாக வாழ்ந்த இந்த நேபாளி மொழிக்காரர்களுக்கு லோட்ஷாம்பாக்கள் என்று பெயர். பெயருக்குத் தெற்கத்தியர் என்று பொருள். 1985இல் பூட்டான் தன் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கியது. 1958க்குள் அந்த நாட்டில் குடியிருந்ததாகப் பதிவு இருக்க வேண்டும் என்றார்கள். 1988 கணக்கெடுப்பில் அதிகாரிகள் வீடு வீடாக வந்து முப்பது வருடத்துக்கு முந்தைய வரி ரசீதைக் கேட்டார்கள். 1958ஆம் ஆண்டின் ரசீது. 1957 ரசீதைக் காட்டியவர்களும் அன்னியர் என்று எழுதப்பட்டார்கள். அப்புறம் வடக்கத்தியர் உடை எல்லாருக்கும் கட்டாயமானது, பள்ளிகளில் நேபாளி மொழி நின்றது. 1990இல் எதிர்ப்புப் போராட்டங்கள், கைதுகள், சித்திரவதை. "விருப்பப்பட்டுத்தான் போகிறோம்" என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நேபாளத்தின் கிழக்கு மூலையில், ஜாப்பா, மோரங் மாவட்டங்களில் வந்து நின்றார்கள். ஏழு முகாம்கள். மூங்கில் குடிசைகள்.

2007இல் எட்டு நாடுகள் இவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். அதில் 90,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்கு. இன்று ஒஹையோவின் கொலம்பஸ், ஆக்ரன், பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க், ஹாரிஸ்பர்க் போன்ற ஊர்களில் நேபாளி மளிகைக் கடைகளும் மோமோ கடைகளும் இருப்பது இப்படித்தான்.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் கதை இங்கே கொஞ்சம் வித்தியாசமானது. அமெரிக்கா வந்தபோது பன்னிரண்டு, பதினான்கு வயதில் இருந்தவர்கள் முகாமிலேயே பிறந்தவர்கள். பூட்டானை அவர்கள் பார்த்ததே இல்லை. தாத்தா இழந்தது ஏலக்காய்த் தோட்டம். பிள்ளை இழந்தது முகாமின் பந்து விளையாடும் திடல், கூடப் படித்த நண்பர்கள், அடுத்த குடிசையில் இருந்த அத்தை. தாத்தாவுக்குச் சிறை மாதிரி இருந்த இடம் பேரனுக்குச் சொந்த ஊர். ஒரே கூரையின் கீழ் இரண்டு துக்கங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு மற்றது துக்கமாகவே தெரிவதில்லை. "முகாமை நினைத்தா அழுகிறாய்?" என்று பெரியவர்கள் கேட்டுவிடுவார்கள். அகதிக் குடும்பங்களைப் புரிந்துகொள்ள இதை முதல் பாடமாக வைப்பேன்.

ஆய்வுகள் எங்கே தொடங்கின

ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரப் பெற்றோர், ஓயாத சண்டை என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்து, வேலை, குடும்பம் என்று நிமிர்ந்து நின்றார்கள். இவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது? குணமும் ஒரு காரணம்தான். ஆனால் தப்பாமல் தெரிந்தது இது: ஒரு பெரியவராவது அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா முடியாதபோது பாட்டி, பாட்டி இல்லாதபோது அக்கா, வீட்டில் யாருமே இல்லாதபோது ஓர் ஆசிரியர்.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்த காலத்தில், அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் குழந்தைகள் காப்பகங்கள் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்து பத்திரமான ஊருக்கு அனுப்பப்பட்டதுதான் பல குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்று கண்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்து, அவள் பதறாமல் இருந்தால், குழந்தை இரவு முழுக்க நிலவறையில் கிடந்தும் ஓரளவு தாங்கிக்கொண்டது. அம்மா நடுங்கினால் குழந்தையும் நடுங்கியது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக வரும். பிள்ளையைத் தாங்குவது வீடு. சரி, அந்த வீட்டையே யாரோ பிடுங்கிவிட்டால்? அம்மாவும் அப்பாவும் நடுங்கிக்கொண்டிருந்தால்? அப்போது வீட்டை யார் தாங்குவது?

இங்கேதான் குடும்ப மீள்திறன் என்ற கருத்து வருகிறது. சிகாகோவைச் சேர்ந்த ஃப்ரோமா வால்ஷ் இதை விரிவாக எழுதியவர். அவர் சொல்வதை என் வார்த்தையில் சொல்கிறேன். கஷ்டம் வந்தால் தாங்கும் வீடுகளில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. நமக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதற்கு அந்த வீட்டாரிடம் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் அவர்கள் வெறும் பாவப்பட்டவர்களாக மட்டும் இல்லை. வீட்டில் யார் என்ன வேலை செய்வது என்பதைச் சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள், வெளியில் உதவி கேட்கத் தயங்குவதில்லை. மூன்றாவது, கஷ்டமான விஷயத்தை வாய்விட்டுப் பேச முடிகிறது. மூன்றாவதுதான் எல்லா வீட்டிலும் கஷ்டம், அகதி வீட்டில் இன்னும் கஷ்டம்.

கடனோடு தொடங்கும் வாழ்க்கை

அமெரிக்காவுக்கு வந்த இந்த அகதிக் குடும்பங்களுக்கு விமானக் கட்டணம் இலவசம் அல்ல. வட்டியில்லாக் கடனாகத் தந்தார்கள். வந்து ஆறு மாதத்தில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டியிருந்தது. ஆறு பேர் உள்ள வீடு என்றால் ஆறு டிக்கெட்டின் கடன். வந்து இறங்கியதும் வாடகை, சாமான், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் உதவிய முதல் கட்டத் திட்டம் 90 நாட்கள்தான். அதற்குள் அப்பா வேலை தேட வேண்டியிருந்தது. மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது கிடங்கில் பெட்டி அடுக்கும் இரவு வேலை, இறைச்சி வெட்டும் ஆலை, ஹோட்டல் அறை துடைப்பது.

மன நலம் பற்றிய கட்டுரையில் டிக்கெட் கடன் எதற்கு என்று தோன்றலாம். அதுதான் விஷயமே. அப்பா இரவு வேலைக்குப் போய் விடியலில் வருகிறார், அம்மா காலை வேலைக்குப் போகிறாள். பிள்ளை பள்ளி முடிந்து வரும்போது அப்பா தூங்குகிறார். ஒரு வாரத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது ஒரு வேளையோ இரண்டு வேளையோ. "பெற்றோர் பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேச வேண்டும்" என்று அறிவுரை சொல்வதற்கு முன்னால், அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குடும்ப நலம் என்பது ஷிஃப்ட் நேரம், வாடகை, பேருந்து வசதி எல்லாம் சேர்ந்ததுதான்.

அடுத்தது வேகம். பிள்ளை பள்ளியில் தினமும் ஏழு மணி நேரம் புது மொழியில் மூழ்கியிருக்கிறது. இரண்டு வருடத்தில் பேச்சு ஓடுகிறது. அம்மா வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் நேபாளிகள், ஆங்கிலம் தேவைப்படுவதே இல்லை. தாத்தா வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. போனால் திரும்பும் வழி தெரியாது, பனி வேறு. நாற்றைப் பிடுங்கி நட்டால் சில நாளில் வேர் பிடிக்கும். காய்த்து ஓய்ந்த மரத்தைப் பிடுங்கி நட்டால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். ஒரே நாளில் வந்து இறங்கிய குடும்பத்தில் நான்கு பேர் நான்கு வேகத்தில் ஓடுகிறார்கள். ஆய்வாளர்கள் இதைப் பண்பாட்டு இடைவெளி என்கிறார்கள். வீட்டில் இதன் சத்தம் வேறு மாதிரி கேட்கும்: "என்னிடமே இங்கிலீஷில் பதில் சொல்கிறான்."

நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்

ஹாரிஸ்பர்க்கில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். உண்மையான ஒரு வீட்டைச் சொல்லவில்லை; பல வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துச் சொல்கிறேன். பதினான்கு வயதுப் பெண். அப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டரைப் பார்க்கப் போகிற நாளில் அவள் பள்ளிக்கு லீவு. டாக்டர் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் அவள்.

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" அப்பா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பா "சாப்பிடுகிறேன்" என்கிறார். எதைச் சொல்வது? "குடிப்பாரா?" அப்பாவிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. மரியாதையாக எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. அப்புறம் டாக்டர் ஒரு தாளை எடுக்கிறார். மனச்சோர்வு இருக்கிறதா என்று எல்லாரிடமும் கேட்கும் வழக்கமான கேள்விகள். கடைசிக் கேள்வி: "செத்துப்போனால் தேவலை என்று எப்போதாவது தோன்றியதா?" அதைப் பதினான்கு வயது மகள் நேபாளியில் தன் அப்பாவிடம் கேட்க வேண்டும்.

மகள் கேட்கும்போது எந்த அப்பா ஆமாம் என்பார்?

அந்தக் கேள்விக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் குடியமர்ந்த பூட்டானிய அகதிகளிடையே தற்கொலை அதிகமாவதாகத் தெரிந்து விசாரித்தார்கள். 2009 முதல் 2012 வரையிலான மூன்றாண்டுக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 20.3 என்ற விகிதம் வந்தது; அமெரிக்கப் பொதுமக்களிடையே அது 12.4. மொழிச் சிக்கல், குடும்பத்தைத் தாங்கும் நிலையில் தான் இல்லை என்ற எண்ணம், ஆதரவு இல்லாத தனிமை எல்லாம் அந்த ஆய்வில் வெளிவந்தன. முகாமின் பட்டினியையும் தீயையும் தாண்டி வந்தவர்கள், பத்திரமான நாட்டுக்கு வந்தபிறகு உடைந்துபோனார்கள். பெரியவர் ஒருவர் வீட்டில் தன் இடத்தை இழப்பது எவ்வளவு பெரிய காயம் என்று இதைவிட என்ன சொல்லும்?

பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதை நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் சொல்ல மாட்டேன். காவாய் ஆய்விலேயே, வீட்டுக்குத் தன் உதவி உண்மையாகவே தேவை என்று உணர்ந்து வளர்ந்த பிள்ளைகள் நன்றாக வந்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. கரண்ட் பில்லைப் படித்துச் சொல்வது, கடையில் விலை கேட்டுத் தருவது, பாட்டிக்குப் பேருந்து எண்ணைச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பிள்ளைக்குப் பெருமைதான். தான் வேண்டப்பட்டவள் என்று தெரிகிறது. சுமை ஆவது எப்போது? பிள்ளை கேட்கக் கூடாததைக் கேட்கும்போது. தப்பாகச் சொன்னால் அப்பாவின் உயிருக்கே ஆபத்து என்னும்போது. வாடகை பாக்கிக் கடிதத்தை முதலில் படிப்பவள் அவளே ஆகி, அதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசிக்கும்போது. அப்போது வீட்டின் பெரியவர் அவள்தான். பெரியவருக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்?

டொரண்டோவிலும் ஒஸ்லோவிலும் பாரிஸிலும் வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் பலர் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள். எண்பதுகளில், தொண்ணூறுகளில் அம்மாவுக்காக அலுவலகக் கவுண்டரில் எம்பி நின்று பேசியவர்கள் அவர்கள். இன்று நாற்பது வயதைத் தாண்டியும் பெற்றோருக்கு வரும் கடிதத்தை முதலில் திறப்பவர்கள் அவர்களே.

அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. அரசுப் பணம் பெறும் ஆஸ்பத்திரியும் பள்ளியும், ஆங்கிலம் தெரியாதவருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது 1964இன் குடிமை உரிமைச் சட்டத்திலிருந்து வரும் கடமை. சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, உயிர் போகிற அவசரம் தவிர, என்று மருத்துவத் துறைக்கு 2016இல் விதியே வந்தது. தொலைபேசியில் நேபாளி பேசுபவரை இணைத்துவிடலாம். ஆனால் இப்படி ஓர் உரிமை இருப்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது. மகள் பக்கத்தில் நிற்கும்போது அவளிடமே பேசிவிடுவது எல்லாருக்கும் எளிதாகவும் இருக்கிறது.

மனசும் மூளையும்

நேபாளியில் மனதுக்கு 'மன்' என்றுதான் பெயர். நம் மனசும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆசை, துக்கம், ஏக்கம் எல்லாம் மன்னில் இருக்கின்றன. சிந்தனை, புத்தி, சமூகத்தில் நடந்துகொள்ளும் விதம் 'திமாக்'கில், அதாவது மூளையில். மன்னில் வலி என்றால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், யாருக்குத்தான் இல்லை? திமாக்கில் கோளாறு என்றால் பைத்தியம் என்று அர்த்தம், குடும்ப மானம் போச்சு, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது.

இப்போது ஓர் ஆலோசகர் வந்து "உங்கள் பையனுக்கு மூளை சம்பந்தமான நோய்க்குச் சிகிச்சை" என்கிற மாதிரி மொழிபெயர்க்கப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சொன்னால் என்ன ஆகும்? கதவு மூடிவிடும். "பையனுடைய மனசு பாரமாக இருக்கிற மாதிரி தெரிகிறது, பேசிப் பார்க்கலாமா?" என்றால் அம்மா டீ போட எழுந்து போவாள். நேபாளி மக்களிடையே வேலை செய்த மனநல வல்லுநர்கள் இந்த வித்தியாசத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் மனநல மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களுக்கு "மனசு சரியில்லை" என்று சொல்வதில் எந்தக் கூச்சமும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சரியான சொல் இருந்தால் வீட்டுக்குள் பாதி வழி போய்விடலாம்.

முடியாத துக்கம் என்று ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாலின் பாஸ் என்ற குடும்ப உளவியலாளர், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இறந்தவருக்குக் காரியம் செய்யலாம். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு எதைச் செய்வது? பூட்டான் சிறையில் இன்னும் இருக்கும் உறவினர், நேபாள முகாமில் தங்கிவிட்ட சித்தப்பா என்று இந்தக் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை ஏந்தி வடக்கு இலங்கையில் ஆண்டுக்கணக்கில் வீதியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிள்ளை கேட்காமலே அறிந்துகொள்ளும் துக்கம் அது. அம்மா ஏன் சில நாட்களில் பேசுவதில்லை என்று யாரும் சொல்லாததால், தன்மேல்தான் ஏதோ தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

வீடு எதனால் தாங்குகிறது

நேபாளிகளின் பெரிய பண்டிகையான தசைனின் பத்தாம் நாள் இந்துக் குடும்பங்களில் வயதானவர் ஓரிடத்தில் உட்காருவார். அரிசி, தயிர், குங்குமம் கலந்த டிக்காவை ஒவ்வொருவர் நெற்றியிலும் அப்பி, முளைவிட்ட பார்லிப் பயிரைக் காதோரம் செருகி, ஆசி சொல்வார். வருடம் முழுக்க ஒரு படிவம்கூட நிரப்பத் தெரியாதவராக, யாராவது கூட்டிப்போக வேண்டியவராக இருந்த தாத்தா அன்று நடுவில் இருக்கிறார். ஜீன்ஸ் போட்ட பேரன் வந்து குனிகிறான். அந்த ஒரு நாளில் வீட்டின் வரிசை திரும்ப நேராகிறது. பண்டிகையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. குடியமர்ந்த சமூகங்கள் கோயில், கால்பந்துக் குழு, முதியோர் ஆங்கில வகுப்பு, காய்கறித் தோட்டம் என்று உயிரைக் கொடுத்து நடத்துவதும் இதற்காகத்தான். தோட்டத்தில் தாத்தாவுக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது.

தெரேசா பெட்டன்கோர்ட் என்ற ஆய்வாளர் சியரா லியோனில் முன்னாள் குழந்தைப் போராளிகளை நீண்ட காலம் பின்தொடர்ந்தவர். அங்கேயும், ஊரும் வீடும் ஏற்றுக்கொண்ட பிள்ளைகளே நன்றாகத் தேறினார்கள். பாஸ்டனில் அவருடைய குழு, பூட்டானியர், சோமாலியாவிலிருந்து வந்த பாண்டு இன அகதிகள் என்ற இரண்டு சமூகங்களோடு சேர்ந்து ஒரு திட்டத்தை உருவாக்கியது. டாக்டர் வரமாட்டார். அதே சமூகத்தைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வருவார். பெற்றோரோடு தனியாக, பிள்ளைகளோடு தனியாக, அப்புறம் எல்லாரும் சேர்ந்து உட்காருவார்கள். குடும்பத்தின் கதையைக் காலவரிசையில் சொல்லிப் பார்ப்பார்கள்: எங்கிருந்து வந்தோம், எப்படித் தாங்கினோம், யார் உதவினார்கள். பள்ளி எப்படி நடக்கிறது, ஆசிரியரை எப்படிப் பார்ப்பது என்பதும் அதில் உண்டு. 80 குடும்பங்களோடு நடத்திய சிறிய ஆய்வு அது. பங்கேற்ற பூட்டானியப் பிள்ளைகள் வீட்டில் சண்டை குறைந்தது என்றார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கதை சொல்லும் பகுதி. அப்பா இரவில் கத்துவது ஏன் என்று அப்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். பிள்ளை முகாமின் நண்பனை நினைத்து அழுதது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரியும். முன்பு சொன்ன இரண்டு துக்கங்களும் முதல் முறையாக ஒரே அறையில் உட்காருகின்றன.

இவ்வளவும் வீட்டுக்குள் நடப்பவை. வீட்டுக்கு வெளியே நிலம் ஆடினால் வீடு எவ்வளவு தாங்கும்? 2025இல் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை ஏறக்குறைய நிறுத்தியது. அதே ஆண்டு மார்ச் முதல், குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்த சில பூட்டானிய அகதிகளைப் பூட்டானுக்கே நாடுகடத்தியது. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. சிலர் தாங்கள் வளர்ந்த நேபாளத்து முகாமுக்கே வந்து சேர்ந்தார்கள், கையில் எந்த நாட்டின் தாளும் இல்லாமல். ஹாரிஸ்பர்க்கில் பதினைந்து வயதில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தச் செய்தி என்ன செய்யும் என்று மீள்திறன் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். "மனசைத் திடமாக வைத்துக்கொள்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது போதாது. அரசுகள் செய்ய வேண்டியதைப் பிள்ளையின் மனசின் மேல் ஏற்றுவது அநியாயம்.

தாளைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அகதியாக வந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் படிக்க, எழுதத் தெரிய வேண்டும். நாட்டின் வரலாறு, ஆட்சி பற்றிய வாய்மொழித் தேர்வும் உண்டு. 2008 முதல் பல ஆண்டுகள் நடந்த தேர்வில் 100 கேள்விகளைப் படித்துப் போக வேண்டும். பத்து கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவர் தேறிவிட்டால், நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு அவருடன் வாழும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை தானாகவே வந்துவிடும். பிள்ளைக்குத் தேர்வு இல்லை.

அந்த வீட்டுக்கே திரும்பப் போவோம். ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு விடுமுறை. சமையலறை மேசையில் மகள் கேள்வித் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அப்பா தப்பாகச் சொன்னால் திருத்துகிறாள், அம்மா அடுப்பிலிருந்தே சிலதுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். தாத்தா ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். 1958 ரசீது கையில் இல்லாததால் நாட்டை இழந்தவர் அவர். சில மாதம் கழித்து அப்பா தேர்வு அறைக்குள் தனியாகப் போகிறார். மொழிபெயர்க்க மகள் கூட வரவில்லை. அவள் பள்ளியில் இருக்கிறாள். சாயங்காலம் வந்து அவர் சொல்லும்போது, அவளுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நாடு கிடைக்கப்போகிறது. அது அவளுக்கு அப்பா வழியாக வருகிறது.